வெடிக்காத லாரி

தீபாவளிக்கு மறுநாள் விடிந்ததும் தெருவில் முதலில் இறங்குகிறவர்கள் பொடியன்கள்தான். காகிதக் குப்பையைக் காலால் கிளறி, வெடிக்காமல் கிடக்கிற வெடிகளைப் பொறுக்குவார்கள். திரி போனது, நமுத்தது, சரத்திலிருந்து தெறித்து விழுந்தது என்று டவுசர் பை நிறையச் சேரும். அதில் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான் ஒருவன். வெடி ‘புஸ்’ என்று புகைந்து அடங்கும். காதிலிருந்து கையை எடுக்கும்போது அவன் முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு வரும். சுற்றி நிற்கிறவர்களுக்கோ அவனைப் பார்த்துச் சிரிப்பு.

இந்த அசட்டுச் சிரிப்பை அப்படியே எடுத்து நெடுஞ்சாலையில் துரத்தல் காட்சியாக வைத்த ஹாலிவுட் படம் ஒன்று உண்டு. 2012 மார்ச்சில் வெளிவந்த ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’. இரண்டு இளம் போலீஸ்காரர்கள் தப்பி ஓடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்று துரத்துகிறது. வழியில் எரிபொருள் டேங்கர் ஒன்று அடிபட்டு, சாலையெல்லாம் எண்ணெய் ஓடுகிறது. தீப்பொறி பறக்கிறது. நாயகர்கள் இருவரும் கண்ணை இறுக்கிக்கொள்கிறார்கள், நாமும்தான். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து எரிவாயு ஏற்றிய வண்டி. அதுவும் வெடிக்கவில்லை. ஏன் வெடிக்கவில்லை என்று நாயகர்களுக்கே புரியவில்லை. கடைசியில் கோழி ஏற்றிப் போகிற லாரியில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதுகிறது. அது வெடிக்கிறது பாருங்கள், வானம் வரைக்கும்!

விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டியில், சிவகாசியில், திருத்தங்கலில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்க்கிறவருக்கு இன்னொரு கணக்கும் மனதில் ஓடும். இந்தப் பக்கத்தில் பட்டாசு ஆலைக்கு ‘பயராபீஸ்’ என்று பெயர். விடிகாலையில் ஊர் ஊராக வந்து ஆளேற்றிப் போகிற வண்டி பயராபீஸ் வண்டி. எது வெடிக்கும், எது வெடிக்காது என்பதைச் சினிமா பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை வெடிப்பதில்லை. அதன் ஆவி காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் ஆபத்து. ஆவி குறைந்தாலும் பற்றாது, மிஞ்சினாலும் பற்றாது. பட்டாசு மருந்து அப்படியில்லை. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு தன்னோடே கொண்டுவந்துவிடுகிறது. வெளிக்காற்றின் தயவு அதற்குத் தேவையில்லை. ஓர் உராய்வு போதும். அதனால்தான் மருந்து புழங்குகிற அறையில் இரும்புச் சாமானுக்கு இடமில்லை, நைலான் துணிக்கு இடமில்லை. உள்ளே போகுமுன் வாசலில் பதித்த உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்னைத் தரைக்கு இறக்கிவிட்டுப் போக வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்று கணக்கும் உண்டு.

ஆக, டேங்கர் வெடிக்காமல் போனது நகைச்சுவை மட்டுமல்ல, ஏறக்குறைய அறிவியலும்கூட. கோழி லாரிதான் சுத்தப் புளுகு.

இந்த வட்டாரத்தில் வெடி என்ற சொல்லுக்கு வேறொரு கனமும் உண்டு. அதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. படம் வந்த அதே 2012-ல், செப்டம்பர் 5 அன்று, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அவர்களில் பலர் உதவிக்கு ஓடிவந்தவர்கள், வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள். 2023 அக்டோபர் 17-ல் எம். புதுப்பட்டியை ஒட்டிய ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வெடித்துச் சிதறுகிற காரைப் பார்த்து விசில் அடிக்கச் சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. அந்த விசிலைத்தான் இந்தப் படம் கிண்டல் செய்கிறது என்பது பட்டாசு ஊர்க்காரருக்குச் சற்றுக் கூடுதலாகவே உறைக்கும்.

கிண்டல் செய்ய ஒரு மனப்பாடம் வேண்டும். பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்த ஒன்று இருந்தால்தான் அதைக் கவிழ்த்துச் சிரிக்க முடியும். ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ படத்துக்கு அந்த மனப்பாடத்தைக் கொடுத்தது அதே பெயரில் வந்த ஒரு பழைய டிவி தொடர்.

1987 ஏப்ரல் 12-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் அலைவரிசையில் அது தொடங்கியது. ஃபாக்ஸுக்கே அப்போது கைக்குழந்தைப் பருவம். இரவு நேர நிகழ்ச்சிகளை ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பேட்ரிக் ஹாஸ்பர்க், ஸ்டீபன் ஜே. கேனல் இருவரும் உருவாக்கிய கதை இதுதான்: பார்ப்பதற்குப் பள்ளிக்கூடப் பையன்போல் இருக்கிற போலீஸ்காரர்களைப் பொறுக்கியெடுத்து, மாணவர் வேடத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்குள் அனுப்புவது, போதை மருந்து, அடிதடி, களவு என்று அங்கே நடப்பதைத் துப்பறிவது. இவர்களுடைய அலுவலகம் ஒரு கைவிடப்பட்ட தேவாலயம். அதன் முகவரியே தொடரின் பெயர்.

கேட்பதற்கு அம்புலிமாமா கதைபோல இருந்தாலும் நிஜத்திலும் இப்படி நடந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸார் 1970-களிலேயே இளம் காவலர்களை மாணவர்களாகப் பள்ளிக்குள் அனுப்பி, போதை மருந்து விற்பவர்களைப் பிடித்திருக்கிறார்கள்.

தொடரின் நாயகனாக நடித்தவருக்கு அப்போது 23 வயது. வேறொரு நடிகரை வைத்து எடுக்கத் தொடங்கி, பிறகு அவரை மாற்றிவிட்டு இவரைக் கொண்டுவந்தார்கள். பெயர் ஜானி டெப். ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படங்களில் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு தள்ளாடி நடந்த அதே ஆள்தான். இளம்பெண்களின் அறைச் சுவர்களில் அவர் படம் ஏறியது இந்தத் தொடரால். அவருக்கோ அந்தப் புகழ் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. ஐந்தாவது பருவத்துக்கு முன்பே கழன்றுகொண்டார். அவரோடு ஹாலி ராபின்சன், பீட்டர் டெலூயிஸ், டஸ்டின் நுயென் ஆகியோர் நடித்தார்கள். நுயென் சைகோனில் பிறந்து, 1975-ல் போர் முடிந்த சமயத்தில் வெளியேறிய வியட்நாம் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய பாத்திரமும் அகதியாக வந்து பெயரை மாற்றிக்கொண்ட வியட்நாம்காரர்தான் என்று தொடரில் பின்னால் தெரியவரும். போதை, எய்ட்ஸ், வீட்டை விட்டு ஓடிப்போகும் பிள்ளைகள் என்று கனமான விஷயங்களையே எடுத்தார்கள். சில அத்தியாயங்கள் முடிந்ததும் நடிகர்களே திரையில் வந்து, உதவிக்கு எங்கே போன் செய்வது என்று சொல்வார்கள். 1991-ல் 103 அத்தியாயங்களோடு தொடர் நின்றது. மொத்தத்தில் அது சிரிக்கிற தொடர் அல்ல.

அதை எப்படிச் சிரிப்புப் படமாக்குவது? படத்தை இயக்கிய பில் லார்டும் கிறிஸ் மில்லரும் அதற்கு முன் எடுத்தது ஒரே ஒரு கார்ட்டூன் படம். கதையை மைக்கேல் பகாலும் நாயகர்களில் ஒருவரான ஜோனா ஹில்லும் சேர்ந்து உருவாக்கினார்கள். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஓர் உயரதிகாரி நாயகர்களைக் கூப்பிட்டு, எண்பதுகளில் நடத்தி, பின் மூடிவிட்ட ரகசியத் திட்டம் ஒன்றைத் தூசி தட்டப் போவதாகச் சொல்கிறார். மேலே இருக்கிறவர்களுக்குப் புதிதாக யோசிக்கத் துப்பில்லை. பழையதையே திரும்ப அரைத்து, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு குத்து. போலீஸ் துறையைச் சொல்வதுபோல ஹாலிவுட்டைத்தான் சொல்கிறார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவன் மனதுக்குள் திட்டுவதற்குமுன் படமே தன்னைத் திட்டிக்கொண்டுவிடுகிறது.

படத்தின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. நாயகர்கள் இருவரில் ஷ்மிட் படிப்பாளி, பயந்தாங்கொள்ளி. ஜென்கோ பள்ளியில் கில்லாடி, படிப்பில் பூஜ்யம். 2005-ல் ஒரே பள்ளியில் படித்தபோது ஜென்கோ சிரிக்கிறவன், ஷ்மிட் சிரிக்கப்படுகிறவன். போலீஸ் பயிற்சியில் மறுபடி சந்திக்கிறார்கள். இவனுக்கு எழுத்துத் தேர்வு வரும், ஓட்டம் வராது. அவனுக்கு ஓட்டம் வரும், எழுத்து வராது. அங்கே தோழமை முளைக்கிறது. சில ஆண்டுகள் கழித்து மாணவர் வேடத்தில் பள்ளிக்குள் நுழைந்தால் அங்கே காலம் தலைகீழாகியிருக்கிறது. சுற்றுச்சூழல் பேசுகிறவன், மென்மையாகப் பழகுகிறவன்தான் இப்போது ராஜா. அடாவடிக்காரனை யாரும் சீந்துவதில்லை. பையை ஒரு தோளில் மாட்டுவதா, இரண்டு தோளிலும் மாட்டுவதா என்பதில்கூட ஜென்கோவின் பழைய பாடம் செல்லுபடியாகவில்லை. போதாக்குறைக்கு இருவருடைய போலி அடையாளங்களும் மாறிப்போய்விடுகின்றன. படிப்பாளி நாடக வகுப்புக்குப் போகிறான், கில்லாடி உயர்நிலை வேதியியல் வகுப்பில் போய் உட்காருகிறான்.

அந்த வேதியியல் வகுப்புதான் படத்தின் இனிமையான பகுதி. முட்டாள் என்று தன்னைத் தானே முடிவு கட்டியிருந்த ஜென்கோவுக்கு, பின்வரிசைப் பையன்களோடு உட்கார்ந்து சூத்திரங்கள் மெல்லப் புரிய ஆரம்பிக்கின்றன; பிடித்தும் போகிறது. கடைசிச் சண்டையில் கையில் கிடைத்ததை வைத்து அவசரத்துக்கு ஒரு வெடி தயாரிக்கிறான். அதுவாவது வெடிக்கிறது. பாடம் வீண்போகவில்லை என்று அவன் முகம் மலர்வதைச் சிவகாசிப் பக்கத்துக் கல்லூரி எதிலாவது வேதியியல் படித்தவர்கள் புரிந்துகொள்வார்கள். மற்றபடி எந்தப் பயராபீஸ் போர்மேனும் அந்த மாதிரி ஆளைக் கலவை அறைப் பக்கம் அண்டவிட மாட்டார்.

இன்னொரு சின்ன விஷயம். நாயகர்கள் ஜம்ப் ஸ்ட்ரீட்டுக்குத் துரத்தப்படுவதற்குக் காரணமே ஒரு கைது. பூங்காவில் ஒருவனைத் துரத்திப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் அவனுடைய உரிமைகளைச் சொல்லத் தெரியவில்லை. 1966-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த மிராண்டா தீர்ப்புப்படி, காவலில் வைத்து விசாரிக்கிறவரிடம் பேசாமல் இருக்கும் உரிமையையும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும் முதலில் சொல்லியாக வேண்டும். ஜென்கோ அதைச் சினிமாவில் கேட்ட ஞாபகத்தில் உளறுகிறான், ஆள் வெளியே போய்விடுகிறான். இந்திய அரசியலமைப்பின் 22-வது பிரிவும், எதற்காகப் பிடித்தோம் என்பதைக் கைதானவருக்குத் தெரிவிக்கவும், அவர் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளவும் வழி செய்கிறது. இருந்தும், கைது செய்கிறபோது காரணம் சொல்ல மறந்ததற்காக ஒரு நாயகன் அவமானப்படுகிற தமிழ்ப் படத்தை எளிதில் ஞாபகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. நம் நாயகன் வாய் திறந்தால் பஞ்ச் வசனம்தான்.

பழைய தொடரை மதித்தார்களா, மிதித்தார்களா என்று கேட்டால் இரண்டும்தான். படத்தின் பிற்பகுதியில் மோட்டார் சைக்கிள் கும்பலின் முரட்டு ஆட்கள் இருவர் தலைமுடியையும் ஒட்டுமூக்கையும் கழற்றினால், உள்ளே இருப்பது ஜானி டெப்பும் பீட்டர் டெலூயிஸும். அதே பழைய ஜம்ப் ஸ்ட்ரீட் போலீஸ்காரர்கள், இருபது வருடம் கழித்தும் வேடத்திலேயே இருக்கிறார்கள். பழைய ரசிகர் நிமிர்ந்து உட்காருகிறார். அடுத்த நிமிடம் இருவரையும் சுட்டுத் தள்ளிவிடுகிறார்கள். ஹாலி ராபின்சனும் ஒரு காட்சியில் எட்டிப் பார்க்கிறார். ஜென்கோ என்ற பெயரே பழைய தொடரில் வந்த முதல் கேப்டனின் பெயர்தான். தொடரைப் பார்க்காதவருக்கு இவை எதுவும் தெரியாது, தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. பார்த்தவருக்குத் தனிப் பந்தி போட்டிருக்கிறார்கள்.

சுமார் 4.2 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 20 கோடி டாலர் வரை வசூலித்தது.

பழைய போலீஸ் தொடர்களை எடுத்துச் சிரிப்பாக்குவது இவர்களோடு ஆரம்பித்ததும் அல்ல, எல்லாருக்கும் பலித்ததும் அல்ல. 1982-ல் ஏபிசி அலைவரிசை ‘போலீஸ் ஸ்குவாட்’ என்ற கேலித் தொடரை ஆறே அத்தியாயங்களில் ஊற்றி மூடியது. கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் சிரிப்பு புரியும், டிவி பார்க்கிறவர் அப்படிப் பார்க்க மாட்டார் என்பது மேலிடம் சொன்ன சமாதானம். தியேட்டரில் வேறு எங்கே பார்ப்பது? அந்தத் தொடரில் நடித்த அதே லெஸ்லி நீல்சனை வைத்து 1988-ல் ‘நேக்கட் கன்’ வந்தது, பிய்த்துக்கொண்டு ஓடியது. 2004-ல் பென் ஸ்டில்லரும் ஓவன் வில்சனும் ‘ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்’ தொடரைக் கையில் எடுத்து, எழுபதுகளின் சட்டைக் காலரையும் காரையும் வைத்தே ஒப்பேற்றினார்கள். 2017-ல் வந்த ‘சிப்ஸ்’ நமுத்த வெடி. பெயரும் சீருடையும் தொடரிலிருந்து வந்தன. அந்தத் தொடரை ஒரு காலத்தில் மக்கள் எதற்காக விரும்பினார்கள் என்ற ஞாபகம் மட்டும் வரவில்லை.

தமிழில் இப்படி ஒரு படம் உண்டா என்று தேடினால் நேரடியாக ஒன்றும் அகப்படாது. நம் நகைச்சுவைப் படங்களுக்குத் தாய்வீடு டிவி அல்ல, நாடக மேடை. ‘எதிர்நீச்சல்’, ‘காசேதான் கடவுளடா’ எல்லாம் மேடையிலிருந்து திரைக்கு வந்தவை. இந்தியில் ‘கிச்சடி’ என்ற டிவி குடும்பம் 2010-ல் சினிமாவுக்குப் போனது. ஆனால் அங்கே போலீஸ் கிடையாது. மலையாளத்தில் ‘நாடோடிக்காற்று’ம் அதன் தொடர்ச்சிகளும் இருக்கின்றன. வேலை தேடி அலைந்த தாசனும் விஜயனும் 1988-ல் ‘பட்டணப் பிரவேசம்’ படத்தில் சி.ஐ.டி.க்களாகவே வருவார்கள். மோகன்லாலும் சீனிவாசனும் துப்பறிகிறேன் என்று அடிக்கிற கூத்து, இந்திய இரட்டைப் போலீஸ் காமெடிக்குப் பாடப்புத்தகம். முதல் படத்தைப் பாண்டியராஜனும் எஸ்.வி. சேகரும் நடிக்க ‘கதாநாயகன்’ என்று தமிழில் எடுத்தார்கள்.

மாணவர் வேடத்தில் போலீஸ் என்ற சரக்கும் நம்மிடம் உண்டு. ஷாருக்கான் ராணுவ அதிகாரியாகக் கல்லூரிக்குப் போன ‘மே ஹூன் னா’வைத் தழுவி, 2008 தீபாவளிக்கு வந்த ‘ஏகன்’ படத்தில் அஜித் போலீஸ் அதிகாரி. வேடம் கல்லூரி மாணவன். அப்போது அவருக்கு வயது 37. ஹாலிவுட்டில் இந்த வயது வித்தியாசமே நகைச்சுவை. மாணவன் மாதிரியா இருக்கிறாய் என்று ஆளாளுக்கு ஜென்கோவைக் கேட்பார்கள். தமிழ்ச் சினிமாவில் நாற்பதை நெருங்குகிற நாயகன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போவது அன்றாட நடப்பு. அதை வேடம் என்று தனியாகச் சொல்ல வேண்டிவந்ததே ‘ஏகன்’ படத்தின் விசேஷம்.

போலீஸ்காரரைப் பார்த்துச் சிரிக்கத் தமிழர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது வடிவேலு. 2007-ல் சுராஜ் இயக்கிய ‘மருதமலை’யில் அவர் ஏட்டு, பேர் என்கவுன்டர் ஏகாம்பரம். பேருக்கு முன்னால்தான் என்கவுன்டர். ஸ்டேஷனுக்கு வருகிற ஒவ்வொரு பஞ்சாயத்தும் அவரைத்தான் சுட்டுத் தள்ளும். பக்கத்தில் விறைப்பாக நிற்கிற கான்ஸ்டபிள் அர்ஜுன். ஒருவர் முறுக்கிய மீசை, மற்றவர் தொங்கிய தோள். ஹாலிவுட் இரட்டையர் படங்களின் அதே சூத்திரம் அங்கே முழுசாக இருக்கிறது. நம் வழக்கப்படி அதைப் படமாக எடுக்காமல் காமெடி டிராக்காக நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் ‘சிரிப்பு போலீஸ்’ என்றால் இன்றைக்கும் அவர் முகம்தான் வருகிறது. அர்ஜுன் அந்தப் படத்தில் யாரை அடித்தார் என்று யாரும் ஞாபகம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் எல்லார் வீட்டிலும் ஓடியது டிவி போலீஸ். அதனால் சினிமா டிவியைக் கேலி செய்தது. தமிழ்நாட்டில் எல்லாருக்கும் மனப்பாடமானது சினிமா போலீஸ். சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகச் சுவரேறிய போஸ்டர்களில் முறைத்துக்கொண்டு நின்றவர் அவர். அதனால் இங்கே டிவி சினிமாவைக் கேலி செய்தது. விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ செய்தது அதைத்தான். சந்தானம் வெளிச்சத்துக்கு வந்தது அங்கேதான். அந்த ருசி பழகிய கூட்டம்தான் 2010-ல் சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ ஓடிய தியேட்டர்களில் கைதட்டியது. 2018-ல் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகன் சிவா போலீஸ்காரர். காக்கிச் சட்டைப் படங்கள் அத்தனையையும் வரிசையாக நிற்கவைத்துக் கும்மியடித்தார்கள். ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’டுக்குத் தமிழில் ஒரு பங்காளி வேண்டுமென்றால் அந்தப் படம்தான்.

ஹாலிவுட் படத்துக்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. துப்பாக்கிச் சண்டையைக் கேலி செய்கிற படம், கடைசி அரை மணி நேரத்தில் தானே துப்பாக்கிச் சண்டையாகிவிடுகிறது. ஆண்களின் நட்பை வைத்தே வண்டி ஓடுவதால் பெண் பாத்திரங்கள் ஓரத்தில் நிற்கின்றன. கேப்டனாக வரும் ஐஸ் கியூப் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். மற்றவர்களும் சளைத்தவர்கள் அல்ல. அமெரிக்காவிலேயே ‘ஆர்’ சான்றிதழ், பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க ஆகாது.

2014-ல் ‘22 ஜம்ப் ஸ்ட்ரீட்’ வந்தது; அதுவும் அமோக வசூல். இம்முறை கல்லூரி. போனமுறை ஓடியதையே இருமடங்கு பணம் போட்டு மறுபடி செய்யுங்கள் என்று அதே உயரதிகாரி உத்தரவு போடுகிறார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது இனி வரப்போகிற பாகங்கள் என்று போலி விளம்பரங்களைக் காட்டுகிறார்கள்: மருத்துவக் கல்லூரியில் இருவரும், சமையல் பள்ளியில் இருவரும், விமானப் பயிற்சியில் இருவரும் என்று எண் நாற்பதைத் தாண்டிப் போகிறது. அதற்கப்புறம் நிஜமாகவே மூன்றாம் பாகம் எடுக்க சோனி நிறுவனம் யோசித்தது, ‘மென் இன் பிளாக்’ படத்தோடு சேர்த்து முடிச்சுப் போடவும் பேச்சு நடந்தது. ஒன்றும் படமாகவில்லை.

பார்க்க உட்காருகிறவர்கள் இரண்டாவது படத்தின் கடைசிப் பெயர் ஓடி முடிகிறவரை நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டாம்.